யானைகள் ஜிகணிக்கும் ஆனேக்கலுக்கும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுயிர்களைக் காப்பதற்காக ஊருக்குள் சிற்பங்களை நிறுத்துவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 பிப்ரவரியில் எங்கள் பெங்களூரு லால்பாக் பூங்காவில் நின்ற யானைச் சிற்பங்களைப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

அவை நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கத்துப் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற ஆதிவாசி மக்களின் கைவேலை. உண்ணிச்செடி (லாண்டனா) தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புக் கம்பிக் கூட்டின்மேல் வளைத்துக் கட்டியிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் விரல் பருமன் தண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி, காதுமடலின் வளைவு வரைக்கும் பிசகாமல் போகின்றன. ஒவ்வொன்றும் கூடலூரில் நிஜமாகவே நடமாடும் ஒரு யானையைப் பார்த்துச் செய்தது. அந்தச் செடியும் காரணத்தோடுதான் எடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி அது; இன்று முதுமலை, பந்திப்பூர் காடுகளில் புதராக மண்டி, புல்லைத் தலையெடுக்க விடுவதில்லை. புல் இல்லாவிட்டால் யானை எதைத் தின்னும்? காட்டைக் கெடுக்கும் செடியை வெட்டி, அதிலேயே யானை செய்து, அதன் கூலி அந்தக் குடும்பங்களுக்கே போவது எவ்வளவு நல்ல ஏற்பாடு! அதே ஆண்டு செப்டம்பரில் இப்படி 100 யானைகள் நியூயார்க் வரைக்கும் போய் நின்றன.

சரி, உயிருள்ள யானைகளுக்கு வருவோம். பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் 365-ஆம் எண் பஸ் ஏறினால் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா. அந்தக் காடு அதோடு முடிவதில்லை. தளி, ஜவளகிரி வழியாகத் தமிழ்நாட்டின் காவிரி வடக்குச் சரணாலயம் வரைக்கும் தொடர்கிறது. ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் அந்த வழியாகத்தான் தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் இறங்குகிறது. எங்கள் அத்தை வீடு தளிப் பக்கம். கதிர் பிடித்துவிட்டால் மாமா ராத்திரியில் வீட்டில் படுப்பதே இல்லை. பட்டாசும் டார்ச்சுமாக வயலில்தான். அவர் யானையைத் திட்டி நான் கேட்டதில்லை. "அதுக்கும் போக வழி வேணும்ல" என்பார்.

வழிதான் சுருங்கிக்கொண்டே வருகிறது. பன்னேர்கட்டாவைச் சுற்றியுள்ள சூழல் பாதுகாப்பு மண்டலம், அதாவது காட்டோரத்தில் கட்டுமானம் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி, 2016 வரைவில் சுமார் 269 சதுர கிலோமீட்டர். 2020-ல் இறுதி செய்தபோது சுமார் 169 ஆகிவிட்டது.

லால்பாக்குக்கு வருபவர்கள் ஏற்கெனவே மரத்தையும் மிருகத்தையும் நேசிப்பவர்கள். இந்தச் சிற்பங்களை அவசியம் பார்க்க வேண்டியவர்கள் காட்டோரமாக மனை பார்க்க வருபவர்கள். அதனால் அடுத்த முறை பன்னேர்கட்டாக் காட்டுப் பக்கத்து ஜிகணி, ஆனேக்கல், தளி சாலைகளில், மனை விற்பனைப் பலகைகளுக்குப் பக்கத்திலேயே இந்த யானைகள் நிற்கட்டும். வண்டியை நிறுத்தி "இது ஏன் இங்கே நிற்கிறது?" என்று கேட்பவருக்குப் பதில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதியிருக்கட்டும்: யானை எந்த மாதங்களில் இப்பக்கம் வரும், கண்டால் என்ன செய்யக் கூடாது, வனத்துறையில் யாரைக் கூப்பிட வேண்டும். செய்த கலைஞர்களையே அழைத்து வந்து அக்கம்பக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச வைத்தால் இன்னும் நல்லது.

இரு மாநில வனத்துறையும் சேர்ந்து, ராகி முற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
அல்சூர், பெங்களூரு