உற்சவரை நிற்க வைத்தவர்களுக்கு

சோழர் காலச் செப்புத்திருமேனிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். சிலைகளையெல்லாம் கோயிலுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. திருட்டுப்போனவை திரும்பியாக வேண்டும், அதில் பேச்சே இல்லை. பத்தூர் நடராஜர் 1991இல் லண்டனிலிருந்து வந்தார். ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார். முறைப்படி உங்களிடம் இருப்பவற்றைப் பற்றித்தான் என் கேள்வி. அவற்றை எங்களை எப்படிப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

பலகையில் பெயர், ஊர், நூற்றாண்டு, உயரம். சுற்றிலும் கண்ணாடி, மேலே ஒரு விளக்கு. எந்தக் கருத்தும் சொல்லாத ஏற்பாடு மாதிரி தெரியும். ஆனால் அதற்குள் ஒரு தத்துவம் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை அழகு என்று சொல்லும்போது அதன்மேல் நமக்குள்ள ஆசையோ தேவையோ குறுக்கே வரக் கூடாது என்று 1790இல் ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் கான்ட் எழுதினார். அவர் சொன்னது இதைவிடச் சிக்கலானது. பின்னால் வந்தவர்கள் அதைச் சுருக்கி, புழக்கத்திலிருந்து பிரித்து வைத்தால்தான் கலை என்று ஆக்கிவிட்டார்கள்.

உற்சவருக்கு, அதாவது வீதி உலாவுக்கென்றே வார்த்த இந்தத் திருமேனிகளுக்கு, இது சரிப்படாது. அவர் உருவமே புழக்கத்திலிருந்து வந்தது. மூலவர் கருவறையை விட்டு அசைய மாட்டார். வீதிக்கு வர ஒருவர் வேண்டியிருந்தது. பீடத்தில் இருக்கும் ஓட்டைகளும் வளையங்களும் தூக்கிப் போகத் தண்டு செருகிக் கட்டுவதற்கு. முதுகுப்புறத்தையும் முன்புறம் போலவே ஸ்தபதி முடித்திருக்கிறார். நீங்கள் பல இடங்களில் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள். காலங்காலமாகப் பாலும் சந்தனமும் ஊற்றி, தேய்த்துத் துலக்கி, மூக்கும் உதடும் மழுங்கிப்போன சிலைகள் உண்டு. பட்டியலில் அதைத் தேய்மானம் என்று எழுதுவீர்கள். வார்த்த கைக்குப் பிறகு அத்தனை கைகள் செய்த வேலை அது என்பேன் நான்.

அப்புறம் வெளிச்சம். தீபாராதனையில் விளக்கு முகத்துக்கு முன்னால் சுற்றி வரும்போது நிழலும் கூடவே நகரும். உதட்டோரம் ஒரு கணம் சிரித்த மாதிரி இருக்கும், மறுகணம் இருக்காது. உச்சியில் பொருத்திய விளக்கு கண்களை நிரந்தரமாக இருட்டில் தள்ளிவிடுகிறது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பட்டும் மாலையும் சாத்திவிட்டால் கோயிலில் முகமும் கைகளும் பாதமும்தான் கண்ணில் படும். இடுப்பின் நெளிவை அபிஷேக நேரத்தில், அதுவும் நாலு தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் உண்டு. உங்கள் கூடத்தில் அதை அரைமணி நேரம் நின்று பார்க்கலாம். பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் 1913இல் சென்னை அருங்காட்சியகத்து நடராஜரைப் பற்றி உருகி எழுதியது புகைப்படங்களைப் பார்த்துத்தான். அலங்காரத்தோடு எடுத்த படங்கள் போயிருந்தால் எழுதியிருப்பாரா என்பது சந்தேகம். ஆக, பிரித்து வைத்ததில் லாபமும் இருக்கிறது.

ஆனால் அது பாதிதான். இதை வெளியாள் சொல்லவில்லை, உங்கள் தொழிலில் இருந்தவரே சொன்னார். ஆனந்த குமாரசாமி கொழும்பில் பிறந்தவர், தந்தை வழியில் தமிழர். 1917 முதல் 1947இல் இறக்கும்வரை பாஸ்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரியாமல் அதன் அழகை மட்டும் ரசிப்பது வெறும் புலன் சுகம் என்று அங்கே இருந்துகொண்டே வாதாடினார்.

சிலைக்குப் பட்டு கட்டுங்கள், மணி அடியுங்கள் என்று சொல்ல மாட்டேன்; அது வேஷமாகிவிடும். தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன், இருக்கிறார், 1011ஆம் ஆண்டுச் சிலை. சாய்ந்து நிற்கும் அவருடைய வலக்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. காளை காணாமல் போய்விட்டது. அவரைப் பற்றிப் பேசும் யாரும் அந்தக் காளையைச் சொல்லாமல் விடுவதில்லை, சொல்லாவிட்டால் அந்தக் கை புரியாது. பல்லக்கும், அதைச் சுமந்த தோள்களும், விளக்கும் இல்லாமல் நிற்கும் மற்றவர்களுக்கும் அதே மரியாதையைச் செய்யுங்கள். பீடத்தின் ஓட்டை தெரியும்படி வையுங்கள். முதுகைப் பார்க்கச் சுற்றி வர வழி விடுங்கள். அதே ஊரில் இன்னும் வீதி உலா நடந்தால் அதன் படம் ஒன்றைப் பக்கத்தில் மாட்டுங்கள். அடுத்த முறை பலகை மாற்றும்போது, உயரம் எழுதிய வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோயிலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் போய்வரும் ஒருவர்