கண்டறியப்படவில்லை என்று வந்த அறிக்கை

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதங்களுக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்கு உன் வழக்கமான வசைகளை ஏற்றுக்கொள்கிறேன். வேறோர் ஆய்வுக்கூடத்தின் அறிக்கை ஒன்று சென்ற வாரம் என் மேசைக்கு வந்தது. அதிலிருந்து என் மனம் வேறெதிலும் ஒட்டவில்லை. எரிவாயு மாதிரியில் மெத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மம் ‘கண்டறியப்படவில்லை’ என்கிறது அது. அதே குழாயின் வால்வைத் திறந்தவர்களோ நாற்றம் தாங்காமல் விலகி நின்றிருக்கிறார்கள்.

நம் ஆய்வுக்கூடப் பெரியவர் இருந்திருந்தால், கருவி வரைந்த குரோமட்டோகிராம் வரைபடத்தில் பீக்கை (முகட்டை) பார்க்குமுன் ஒன்றைத்தான் கேட்டிருப்பார்: “மாதிரி எதில் வந்தது?” பூச்சு ஏதும் இல்லாத சாதாரண எஃகு உருளையில் வந்திருக்கிறது. புதுப் பானை முதல் தண்ணீரைக் குடித்துவிடுவதுபோல், ஹைட்ரஜன் சல்பைடையும் மெர்காப்டன்களையும் அந்த உலோகச் சுவர் வாங்கிக்கொள்கிறது. பிறகு தூய வாயுவைச் செலுத்தும்போது கொஞ்சங்கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, இல்லாத கந்தகத்தை இருப்பதாகக் காட்டுகிறது. துருவும் ஈரமும் சேர்ந்துவிட்டால் மெத்தில் மெர்காப்டன் டைமெத்தில் டைசல்பைடு என்னும் வேறொரு சேர்மமாகவே மாறக்கூடும். கார்பனைல் சல்பைடு என்னும் இன்னொரு கந்தகச் சேர்மம் மட்டும் பெரும்பாலும் சேதமின்றி வந்து சேர்வதால், அளவு குறைவதோடு கலவையின் விகிதமே திரிந்துவிடுகிறது. சிலிக்கா பூசிய உருளையும் குழாயும் பெருமளவு காக்கும். ஆனால் இடையில் பூச்சில்லாத ஓர் இணைப்பு இருந்தாலும் போதும், அங்கேயே இழப்பு தொடங்கிவிடும்.

கந்தகத்தை அளக்கும் உணர்கருவியின் தொல்லை தனி. சுடர் ஒளி உணர்கருவியில் இரண்டு கந்தக அணுக்கள் இணைந்த மூலக்கூறுதான் ஒளிர்கிறது என்பதால், அதன் பதில் செறிவின் ஏறக்குறைய இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. உடன் வெளிவரும் ஹைட்ரோகார்பன்கள் அந்த ஒளியை அடக்கியும் விடுகின்றன. கந்தக வேதி ஒளிர்வு உணர்கருவி நேர்விகிதத்தில் பதில் தருவதால் நான் அதையே விரும்புகிறேன், பராமரிப்பு எவ்வளவு படுத்தினாலும். ஆனால் கந்தக அளவு தெரிந்த திட்ட வாயுவை நேராகக் கருவிக்குள் செலுத்தி அளவீட்டைச் சரிபார்ப்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. நிலையான வெப்பநிலையில் வைத்த, தன் சுவர் வழியே வாயுவைச் சிறுகச் சிறுகக் கசியவிடும் ஊடுருவு குழாயிலிருந்து எடை இழப்பால் அளவு தெரிந்த வாயுவை உண்டாக்கி, அதை மாதிரி வரும் அதே பாதை முழுவதும் செலுத்திப் பார்த்தால்தான் வழியில் எவ்வளவு தொலைகிறது என்பது தெரியும்.

எரிபொருள் மின்கலத்துக்கான ஹைட்ரஜனில் மொத்தக் கந்தகத்துக்கு ஐஎஸ்ஓ 14687 என்னும் பன்னாட்டுத் தரநிலை விதித்துள்ள வரம்பு 0.004 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அந்த அளவில் சுவர் விழுங்கியதைத் தூய்மை என்று எழுதிவிட்டால் பிளாட்டினம் வினையூக்கி நஞ்சேறிப் போகும். அதைவிட என்னை அச்சுறுத்துவது, புதிய எஃகுத் தொட்டிகளில் சமையல் வாயுவில் வாசனைக்காகக் கலக்கும் எத்தில் மெர்காப்டன் மங்கிப்போவது. கசிவை அறிவிக்க வேண்டிய வாசனையே இல்லாமல் போனால் உயிர் போகும். நீயும் உன் புகழ்பெற்ற மூக்கை நம்பி இராதே: ஏறத்தாழ 100 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடிலேயே அது மரத்துப்போகும்.

உன்னிடம் பூச்சுள்ள உருளைகள் இருக்கின்றன அல்லவா? அதே வால்விலிருந்து ஒரே நேரத்தில் அதில் ஒன்றும் சாதாரண உருளையில் ஒன்றுமாக மாதிரி எடுத்து, அன்றும் மறுநாளும் அளந்து, குரோமட்டோகிராம்களைத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பு. அவை வரும்வரை அந்த அறிக்கையில் நான் கையொப்பமிட மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழன்