ஈஸ்டர் கூட்டத்துக்கு முன் மகனுக்கு

வில்ட்ஷயர்
மார்ச் 1838

அன்பு மகனுக்கு,

கீல்வாதம் மறுபடியும் காலைப் பிடித்துக்கொண்டது. ஈஸ்டர் வாரத்து சேகரக் கூட்டத்தில், அதாவது கோயிலைச் சேர்ந்த ஊரார் கூட்டத்தில், என் இடத்தில் நீதான் உட்கார வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒன்றாகக் கொடுத்துவந்த தசமபாகத்தை வருடாந்திரப் பணத்தொகையாக மாற்றும் 1836ஆம் வருடத்துச் சட்டத்தை, சட்டம் படிக்கிறவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊர் நிலவரத்தை மட்டும் சொல்கிறேன்.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு, இங்கே தானியத்தின் மேலும் உலர்புல்லின் மேலும் இருந்த பெரிய தசமபாகம் கைமாறிக் கைமாறி நம் குடும்பத்துக்கு வந்தது. குருவானவருக்கு மிஞ்சியது ஆட்டுக்குட்டி, கம்பளி, பால், முட்டை, ஆப்பிள். ஆக, வாங்குகிறவரும் நாமே, நிலத்துக்காகக் கொடுக்கிறவரும் நாமே. ஊர் நிலத்தின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் நிலக்காரர் பக்கம் ஒப்பந்தம் முடிந்த மாதிரி. அந்தப் பங்கு நம்மிடமே இருக்கிறது. இன்னொரு பக்கம் குருவானவர். அவர் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். எனக்கு அதுதான் கவலை.

1835 கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஏழு வருட சராசரிதான் கணக்கு. நம் தானியத்துக்குக் களஞ்சியப் புத்தகம் இருக்கிறது. பாலுக்கும் முட்டைக்கும் யார் கணக்கு எழுதினார்கள்? போதாததற்கு 1830 நவம்பர் அந்த ஏழு வருடத்துக்குள்தான் வருகிறது. போரடிக்கும் இயந்திரங்களை உடைத்த கூட்டம் குருவானவர் வாசலுக்கும் வந்து, தசமபாகத்தைக் குறைத்தால்தான் விவசாயி கூலி கூட்டுவான் என்றது. இவரும் குறைத்தார். பிறகு கூட்டிக் கேட்க மனம் வரவில்லை. அந்தக் குறைந்த தொகையையே சராசரி என்று எழுதினால், இவருக்குப் பின்னால் வருகிற குருமார்களுக்கும் அதுதான் நிற்கும். நம் காரியக்காரர் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார், பெருமையாக வேறு சொல்கிறார். நீ அதை ஏற்காதே. இந்த அக்டோபர் 1 தாண்டிவிட்டால், அரசாங்கம் நியமித்த தசமபாகக் கமிஷனர்கள் தாங்களாகவே தீர்ப்பு எழுதலாம். ஐந்தில் ஒரு பங்குவரை கூட்டவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதை நாமே செய்துவிட்டால் என்ன?

குத்தகைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். பத்தாவது கதிர்க்கட்டில் பச்சைக் கிளையைச் செருகிவிட்டு, மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வர, தசமபாகம் எடுக்கும் ஆள் வந்து பார்க்கும்வரை வயலில் நின்றவர்கள்தானே இவர்கள்? இனி அது இல்லை என்று சொல். சுண்ணாம்பு போட்டு வடிகால் வெட்டி விளைச்சலைக் கூட்டினால் கூடுதல் முழுக்க அவர்களுக்கே. தொகை, கோதுமை, பார்லி, ஓட்ஸ் மூன்றின் ஏழு வருட விலையைப் பார்த்து ஒவ்வொரு ஜனவரியும் மாறும். விலை இறங்கினால் மெதுவாக இதுவும் இறங்கும்.

ஏழைகள் நிவாரணம் இப்போது பல சேகரங்கள் சேர்ந்த யூனியன் கையில். அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

அப்புறம், கோயில் கூரை. பலிபீடத்துக்கு மேலே ஈயத்தகடு விட்டுப்போய் ஒழுகுகிறது. பெரிய தசமபாகம் யாரிடமோ அவருக்குத்தான் அந்தப் பகுதியின் பழுதுச் செலவு. அதைக் கோயிலுக்காக ஊரார் எல்லாரும் கட்டும் வரியில் சேர்க்க யாராவது நைசாகப் பேச்செடுத்தால் உடனே மறுத்துவிடு. தனிச் சபை வைத்திருக்கும் மெதடிஸ்டுகள் ஏற்கெனவே அந்த வரியில் கொதித்துப் போயிருக்கிறார்கள். லண்டனில் ஈயம் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு வா.

உன் அப்பா