இரண்டே நாளில் உற்சாகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழின் உடல்நலப் பக்கத்தில் ஒரு வரி: "மூளையில் செரட்டோனின் குறைவதுதான் மனச்சோர்வு, மாத்திரை போட்டால் இரண்டே நாளில் பழைய உற்சாகம் திரும்பிவிடும்." இரண்டே நாள்! அது எந்த மாத்திரை என்று கட்டுரையாளர் சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

எனக்கு ஆறு வாரம் ஆனது. நான் போட்ட மனச்சோர்வு மாத்திரையின் பெயர் எஸ்சிட்டலோபிராம். முதல் வாரம் குமட்டல், தூக்கமில்லை, எந்தப் பதற்றத்துக்காக டாக்டரிடம் போனேனோ அது இரண்டு மடங்கு. நான்காம் நாள் இரவு பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து, அட்டையில் மிச்சமிருந்த ஆறு மாத்திரையையும் குப்பையில் போட்டுவிடலாமா என்று அரைமணி நேரம் யோசித்திருப்பேன். போடாததற்கு ஒரே காரணம், "முதல் பத்து நாள் என்னைத் திட்டுவீர்கள், திட்டிக்கொண்டே போடுங்கள்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உங்கள் கட்டுரையை நம்பி ஆரம்பித்திருந்தால் மூன்றாம் நாளே கதை முடிந்திருக்கும்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். செரட்டோனின் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல வெளியே விடுகிற வேதிப்பொருள். அப்படி விட்டதை நரம்பணு திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வதை இந்த வகை மாத்திரை தடுக்கிறது. அது சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. அப்புறம் ஏன் வாரக்கணக்கு? செரட்டோனின் சுரக்கிற நரம்பணுவின் மேலேயே 5-எச்டி1ஏ என்று ஒரு ஏற்பி, அதாவது செரட்டோனின் வந்து ஒட்டிக்கொள்கிற இடம், இருக்கிறது. வெளியே அளவு கூடினால் 'போதும், நிறுத்து' என்று சுரப்பைக் குறைப்பது அதன் வேலை. அது மெல்ல மெல்ல மரத்துப்போக வாரங்கள் ஆகின்றன. தாமதத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் இது ஒன்று. செரட்டோனினுக்கு இப்படிப் பதினான்கு வகை ஏற்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். என்னைக் குமட்டவைத்தது 5-எச்டி3. வாந்திக்குக் கொடுக்கிற ஆன்டான்செட்ரான் அடைப்பதும் அதே ஏற்பியைத்தான். உடம்பிலுள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் இருக்கிறது. இதைப் போய் 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று தலைப்பு போடுகிறீர்கள், அந்தக் கணக்கில் நம்மிடம் இருப்பதிலேயே சந்தோஷமான உறுப்பு குடல்தான்.

முன்பு 'செரட்டோனின் நிறைந்த பத்து உணவுகள்' என்று ஒரு பட்டியல் போட்டீர்கள். சாப்பிடுகிற செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. சரி, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, விட்டுவிடலாம்.

விட முடியாதது 2022இல் நடந்தது. செரட்டோனின் குறைவால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவின் ஆய்வு வந்ததே, அதற்கு நீங்கள் வைத்த தலைப்பு 'மனச்சோர்வு மாத்திரைகள் ஏமாற்று வேலை'. மாத்திரை பலன் தருகிறதா என்பதை அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. அதைப் பார்த்தது 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு: 522 சோதனைகள், 21 மருந்துகள், எல்லாமே, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கிற மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேல், பெரும்பாலும் கொஞ்சம்தான் மேல். காரணம் தெரியாமலே பலன் தருகிற மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன.

உங்கள் தலைப்பைப் படித்துவிட்டு என் தங்கை ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினாள். மூன்றாம் நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தலையைத் திருப்பினால் உள்ளே ஷாக் அடிக்கிறது என்றாள். அது திடீரென்று நிறுத்தியதன் விளைவு என்று எங்களுக்குத் தெரியவில்லை, நோய் முற்றிவிட்டது என்றே பயந்தோம். பழைய டோஸுக்கே திரும்பி, பல மாதங்கள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார் டாக்டர். அப்போது உங்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். 'மாத்திரை நல்லது என்கிறார் வாசகர்' என்று இரண்டு வரியில் போட்டீர்கள். நான் அப்படி எழுதவே இல்லை, ஐயா.

அன்று ஏமாற்று வேலை, இன்று இரண்டு நாள் மந்திரம். நடுவில் எதையும் அச்சிடக் கூடாது என்று விதி ஏதாவது இருக்கிறதா?

நான் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், 'இரண்டு நாள்' என்பதைச் 'சில வாரங்கள்' என்று திருத்துங்கள். 'டாக்டரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம்' என்று கூட ஒரு வரி. இடம் இல்லையென்றால், இத்தனை வருடமாகத் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாரே ஒரு பெண், அவர் படத்தை எடுத்துவிடுங்கள், தாராளமாக இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்