காப்பு வெட்டிய நாள்

அன்புள்ள அக்கா,

அம்மாவின் திவசம் முடிந்த கையோடு கோர்ஸுக்குக் காசு கட்டிவிட்டேன். நிணநீர் வீக்கச் சிகிச்சை, அதாவது நிணநீர் வடியாமல் தேங்கி வீங்கும் கை காலுக்கு. 135 மணித்தியாலம், அதில் பெரும்பங்கு கையால் செய்து பழகுவது.

"திருகோணமலையில் கை வீங்கினவர் எத்தனை பேர் வரப்போகிறார்கள்? விளையாட்டுக் காயம் படி" என்றீர்கள். கணக்குப் பிழையில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் கேட்டேன், இந்தச் சான்றிதழுக்கு ஒரு ரூபாயும் கூட்டமாட்டார்களாம். முழங்காலும் முதுகுவலியும்தான் இங்கே சோறு போடுகின்றன. யானைக்கால் இலங்கையில் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. மார்புப் புற்றுநோய்க்கு அக்குளில் நிணநீர்க் கணு எடுத்த பெண்களின் கை அந்தக் கணக்கில் வராது.

எனக்கு அந்த மத்தியானம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சவர்க்காரம் போட்டோம், தேங்காயெண்ணெய் போட்டோம், அம்மாவின் வீங்கின கையில் காப்பு அசையவில்லை. பத்தர் குறட்டோடு வீட்டுக்கே வந்தார். வெட்டின துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார்: "நீ பிசியோதானே பிள்ளை, இதை வடிய வைக்க ஏலாதோ?"

அன்று பின்னேரமே எண்ணெய் பூசி, விரலிலிருந்து மேலே அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். தோல் மட்டும் அசைகிற அளவு மெதுவாகத் தொட வேண்டுமாம். முதலில் கழுத்திலும் மற்ற அக்குளிலும் தடவி நிணநீருக்கு வழி திறந்துவிட்டுத்தான் வீங்கின கைக்கு வர வேண்டுமாம். நான் செய்தது எல்லாம் தலைகீழ். நாலு வருஷப் படிப்பில் இதற்கு ஒரேயொரு விரிவுரைதான் கிடைத்தது, நான் என்ன செய்ய? சரி, தேடிப் படித்திருக்கலாம். படிக்கவில்லை.

நீங்கள் வீடியோ கோலில் "ஐஸ் வை" என்றீர்கள். அங்கேயிருந்து சொல்வது சுகம். பிறகு கமராவை அணைத்தீர்கள். மைக்கை அணைக்க மறந்துவிட்டீர்கள் அக்கா. அழுதது கேட்டது.

வளவுக் காசைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், மாமா வாசிப்பார்.

இந்த வெக்கையில் பல அடுக்குப் பண்டேஜை யார் இரவுபகலாகக் கட்டியிருப்பார்கள் என்பதும் நியாயமான கேள்விதான். பதில் என்னிடம் இல்லை. போன கிழமை முழங்கால் நோவென்று வந்த ஒருவர், எழும்பிப் போகும் நேரத்தில் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்துக் காட்டினார். ஊர் சொல்லமாட்டேன். கோர்ஸ் முடிய வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

காப்புத் துண்டு இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஒன்று உங்களுக்கு. பார்சலில் போடமாட்டேன், வந்து எடுங்கள்.

தங்கச்சி