அட்டையில் எங்கள் நம்பர் இருக்கிறது

மலையகத்து அரச ஆஸ்பத்திரிகளில் கிளினிக் நடத்தும் நிர்வாகத்தினருக்கும், அவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் அம்மாவுக்கு இதய வால்வில் கோளாறு. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்ன பிறகு ஏழு மாதம் காத்திருந்தோம். திகதி கடிதத்தில் வரும் என்றார்கள். வந்தது. மார்ச் 4 ஆம் திகதி காலை 8 மணிக்கு வரும்படி எழுதியிருந்த அந்தக் கடிதம் மார்ச் 13 ஆம் திகதி பின்னேரம்தான் எங்கள் கைக்குக் கிடைத்தது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்கள். சிங்களத்தில் இருந்ததால் அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். வியர்வையில் உறை ஊறிப்போயிருந்தது. "எப்பப் போகணும்?" என்று கேட்டார். ஒன்பது நாளைக்கு முன்னால் போயிருக்க வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பதிவுப் புத்தகத்தில் அம்மாவின் பெயருக்கு நேரே சிவப்புப் பேனையால் ஒரு கோடு. வரவில்லை என்று அர்த்தமாம். கடிதம் வந்த திகதியைச் சொன்னேன், உறையைக் காட்டினேன். அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை. உறையைத் திருப்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார், "என்ன செய்ய மிஸ், இனிப் புதிதாகத்தான் திகதி போடணும்" என்றார். புதிய திகதி ஐந்து மாதம் தள்ளி விழுந்தது.

எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்தது என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். தலவாக்கலை டவுனில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கொப்பி எடுக்க வருவதில்லை. கடிதம் வாசிக்க வருகிறார்கள். சாக்குப் பையில் இருந்து பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள் இருந்து கிளினிக் கொப்பியை எடுத்து, அதற்குள் இருந்து உறையை எடுத்துத் தருவார்கள். "பிள்ளை, இதில் என்ன போட்டிருக்கு?" சரி, வாசித்துச் சொல்கிறேன். ஸ்கேன் திகதி, கண் ஒப்பரேஷன் திகதி, பிள்ளையின் காது கிளினிக் திகதி. வாசிக்கும்போது முதலில் என் கண் போவது திகதிக்குத்தான். அது கடந்து போயிருந்தால் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கவே மனம் வராது.

ஒரு கடிதம் எங்களிடம் எப்படி வந்து சேருகிறது என்பதை நீங்கள் ஒரு தடவையாவது யோசித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிளார்க் எழுதி, கையெழுத்து வாங்கி, தபாலில் போடுகிறார். அது எங்கள் டவுன் தபாற்கந்தோர் வரைக்கும் ஒழுங்காகத்தான் வருகிறது. அதற்கு மேல்தான் சிக்கல். லயம் என்ற வரிசை வீடுகளின் காம்பராக்களுக்குத் தெருப் பெயரும் இல்லை, வீட்டு இலக்கம் என்று தபால்காரர் நம்பக்கூடிய ஒன்றும் இல்லை. எங்கள் விலாசம் என்பது பெயர், டிவிஷன் என்ற தோட்டப் பிரிவு, தோட்டம், டவுன், அவ்வளவுதான். ஆகவே தோட்டத்துக் கடிதங்கள் எல்லாம் ஒரே பையில் தோட்டத்து ஆபீசுக்குப் போகின்றன. அங்கே டிவிஷன் வாரியாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கிறவருக்கு அது பத்தோடு பதினோராவது வேலை. அப்புறம் யாராவது டிவிஷன் பக்கம் வரும்போது கொண்டு வருவார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், அல்லது கொழுந்து நிறுக்கும்போது. அன்றைக்கு நாம் வேலைக்குப் போகவில்லை என்றால் கடிதம் திரும்ப ஆபீசுக்கே போய்விடும். என் அம்மாவின் பெயரில் எங்கள் டிவிஷனிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் இரண்டு பேருக்கு முதலெழுத்தும் ஒன்று. அம்மாவின் எக்கோ கடிதம் நான்கு நாள் மேல் லயத்தில் இன்னொருவர் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அவர்களும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அரசாங்கக் கடிதம் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கடிதம் எந்தக் கிளினிக்கில் இருந்து வந்தது என்று உறையின் மேலேயே சிங்களத்தில் முத்திரை குத்தியிருக்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் எப்படியும் கூட்டத்தில் இருப்பார். மனநலக் கிளினிக்குக்குப் போகும் ஓர் இளம் பெண்ணின் கடிதம் அப்படிக் கை மாறி வந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு கிளினிக்குக்கே போவதை நிறுத்திவிட்டார். நோயாளியின் விஷயம் இரகசியமாக இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குள்ளே எவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள். கதவைத் தாண்டியதும் அது நாற்பது பேர் பார்க்கும் உறையாகிவிடுகிறது.

கடிதம் வராவிட்டாலும் கொப்பியில் அடுத்த திகதி எழுதியிருக்குமே என்று கேட்கலாம். மாதாமாதம் மருந்து எடுக்கும் கிளினிக்குக்கு எழுதித்தான் தருகிறீர்கள். அந்தத் திகதி மாறும்போது என்ன நடக்கிறது? டொக்டர் லீவு, மிஷின் பழுது, வேலைநிறுத்தம், ஏதோ ஒரு பயிற்சி. ஒன்றையும் நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அது எங்களுக்குத் தெரிவது ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்த பிறகுதான். அதற்கு நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பனியில் டோர்ச் அடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து, டவுனில் அடுத்த பஸ் மாறி வந்திருப்போம். இரத்தம் சோதிக்க வேண்டும் என்று சாப்பிடாமல் வந்திருப்போம். ஓர் ஆள் துணைக்கு வந்திருப்பார், ஆக இரண்டு பேருக்கு அன்றைய பேர் இல்லை, கூலியும் இல்லை. 2021 இல் 1,000 ரூபாய், 2024 இல் 1,350 ரூபாய் என்று வருடக்கணக்காகப் போராடி வாங்கிய நாட்கூலி அது. கதவில் ஒட்டிய தாளும் பெரும்பாலும் சிங்களத்தில் மட்டும்தான். தமிழ் 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தில் அரச கரும மொழியானது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. இன்றைக்குக் கிளினிக் இல்லை என்று சொல்லும் ஒரு வரியை எங்கள் ஊரில் தமிழில் எழுதுவதற்கு யாரும் புதிதாக அனுமதி வாங்க வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எங்கள் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது.

கிளினிக்கில் பதியும் முதல் நாளே அதைக் கேட்டு வாங்குகிறீர்கள். அம்மாவின் கொப்பி இப்போது என் முன்னால் இருக்கிறது. பழைய கலண்டர்த் தாளில் நான்தான் அட்டை போட்டுக் கொடுத்தேன். மேலே கிளினிக் இலக்கம், அதற்குக் கீழே பெயர், வயது, அதற்குக் கீழே நீல மையில் பத்து இலக்கம். உங்கள் பதிவுப் புத்தகத்திலும் அதே பத்து இலக்கம் இருந்ததை, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்ததை, அன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன். அந்த நம்பருக்கு ஒரு கோல் கொடுத்திருந்தால் நான் எடுத்திருப்பேன். கடை டவுனிலேயே இருக்கிறது, எனக்கு எப்போதும் சிக்னல் உண்டு.

அந்த ஒரு கோலின் மதிப்பு எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு தடவை அது வந்தது. போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு ஏழு மணி இருக்கும். தெரியாத நம்பர். எடுத்தால் ஒரு பெண் குரல், தட்டுத்தடுமாறிய தமிழில், "நாளைக்கு டொக்டர் இல்லை, அம்மா வர வேணாம், அடுத்த செவ்வாய் வாங்க" என்றது. கிளினிக்கில் இருக்கும் ஒரு தாதி. தன் சொந்தப் போனில், தன் காசில், கொப்பிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அரை நிமிடம்கூடப் பேசவில்லை. அன்றிரவு அம்மா அலாரம் வைக்காமல் தூங்கினார். அந்தத் தாதியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, சொந்தப் போனில் பேசியதற்கு அவருக்கு ஏதும் பிரச்சினை வந்துவிடுமோ என்ற பயம்தான். நல்லது செய்தவருக்காக நாங்கள் பயப்பட வேண்டியிருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அவர் செய்ததை ஆஸ்பத்திரியின் வேலையாக ஆக்குங்கள். ஒரு போன், ஒரு ஆள், பின்னேரம் ஒரு மணித்தியாலம் போதும்.

குறுஞ்செய்தி அனுப்பினால் இன்னும் சுலபம். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்து இடம் கிடைக்கிறது. "நாளை 14 ஆம் திகதி கிளினிக் இல்லை. 21 ஆம் திகதி காலை வரவும்." எழுத்தோடு சேரும் குற்றையும் விசிறியையும் இடைவெளியையும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தேன், 59 வருகிறது. இதில் நோயின் பெயரும் இல்லை, கிளினிக்கின் பெயரும் இல்லை. வங்கியில் சம்பளம் விழுந்தால் எங்கள் போனுக்குச் செய்தி வருகிறது. ரீலோட் முடிந்தால் வருகிறது. லயத்தில் அதை வாசிக்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாவது இருக்கிறது, தமிழில் இருந்தால்.

தோட்டத்து ஆட்களைப் போனில் பிடிக்க முடியாது என்று ஓர் அலுவலர் ஒருமுறை என்னிடம் சொன்னார். நம்பரை மாற்றிவிடுவார்கள், மலைக்குப் பின்னால் சிக்னல் இல்லை, வீட்டுக்கு ஒரு போன்தான் இருக்கும் என்றார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1990 என்ற நம்பருக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் எங்கள் லயத்தடிக்கு வருகிறதே. விலாசம் இல்லாத அதே இடத்துக்குத்தான் வருகிறது. வரும் வழியிலேயே போன் எடுத்து, கோயிலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வருகிறார்கள். 2020 இல் கொரோனா ஊரடங்கு நேரம் கிளினிக் நோயாளர்களின் மருந்தைத் தபால் திணைக்களத்தின் மூலம் வீடுகளுக்கு அனுப்ப உங்களால் முடிந்தது. அந்த அவசரத்தில் நம்பரும் விலாசமும் சரிபார்க்க முடிந்தது என்றால், சாதாரண நாளில் கிளினிக்குக்கு வருகிறவரிடம் "இதே நம்பர்தானா?" என்று கேட்க முடியாதா? ஒரு நம்பருக்குப் பதில் இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டில், ஒன்று டவுனிலோ கொழும்பிலோ வேலை செய்யும் பிள்ளையுடையது. கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்குச் சொன்னால் அவன் பக்கத்து லயத்துக்கு எடுத்து, அந்த வீட்டுப் பிள்ளை ஓடிப்போய்ச் சொல்லிவிடும். எங்கள் செய்திகள் எல்லாம் அப்படித்தான் போகின்றன, பிறப்பும் சாவும் உட்பட.

கடிதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. போனே இல்லாத முதியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கடிதமும் வேண்டும், தோட்டத்துக்கு வரும் மிட்வைஃபிடம் ஒரு பெயர்ப் பட்டியலும் கொடுக்க வேண்டும். எங்கள் டிவிஷனில் எந்தக் காம்பராவில் யார் என்று அவருக்குத் தெரிந்ததுபோல ஆபீசில் யாருக்கும் தெரியாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து பாதைகள் மூடப்பட்ட நாட்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கடைக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, கிளினிக் நடக்கிறதா என்பதுதான். இன்சுலின் முடிந்துபோன ஒருவர், கிளினிக் இருக்குமோ இல்லையோ என்று தெரியாமல், சரிந்த மண்ணைத் தாண்டி நடந்தே போவதா என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி நம்பருக்கு எடுத்துக்கொண்டே இருந்தேன், யாரும் எடுக்கவில்லை. தபாலும் அந்த நாட்களில் வரவில்லை. அவருடைய போன் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக ஒன்று, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது. வராதவரின் பெயருக்குச் சிவப்புக் கோடு போடுவதற்கு முன்னால் ஒரு கோல் எடுங்கள். அதுவும் முடியாது என்றால், பிந்தி வந்த கடிதத்தோடு ஒருவர் வந்து நிற்கும்போது, அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பாதீர்கள். அவர் அலட்சியமாக இருந்தவர் இல்லை. அடுத்து யாராவது வராமல் விட்ட இடம் இருந்தால் அதை அவருக்குக் கொடுங்கள். இந்த நாட்டில் ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிறார்கள் என்பதை எங்கள் ஆட்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. டொக்டரைப் பார்க்கப் போகும் நாளில் அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைத்தான் கட்டுகிறார்.

அம்மாவின் புதிய திகதி ஓகஸ்ட் 19. இப்போது மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார், முன்பு ஓர் இடத்தில்தான் நிற்பார். கொப்பி அட்டையில் ஏற்கெனவே இருக்கும் என் நம்பருக்குக் கீழே அதையே இன்னொரு தடவை பெரிதாக எழுதி, மழையில் அழியாமல் இருக்க மேலே டேப் ஒட்டியிருக்கிறேன். திகதி மாறினால் அதற்கு எடுங்கள். இரவு எத்தனை மணி என்றாலும் எடுப்பேன். சிங்களத்தில் சொன்னாலும் பரவாயில்லை, எனக்கு விளங்கும்.

இப்படிக்கு,
தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்து ஒரு மகள்