மூதூர்த் தொகுதியின் மூன்று உறுப்பினர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறைந்த இரா. சம்பந்தன் ஐயா அவர்களின் அரசியல் வாழ்வு பற்றித் தங்கள் வார இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். 1977இல் திருகோணமலைத் தொகுதியில் முதன்முறையாகத் தெரிவானது, 1983இல் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் பாராளுமன்றத்தைப் பகிஷ்கரித்தபோது ஆசனத்தை இழந்தது, 2015இல் எதிர்க்கட்சித் தலைவரானது, 2024 ஜூன் 30 அன்று காலமானது என எல்லாம் ஒழுங்காகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் 1997ஆம் ஆண்டைப் பற்றி, "ஏற்பட்ட வெற்றிடத்துக்கு அவர் தெரிவானார்" என்ற ஒரு வரியோடு கட்டுரையாளர் கடந்து சென்றது என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த வெற்றிடம் அ. தங்கத்துரை அவர்களுடையது. கிளிவெட்டியைச் சேர்ந்த அவர் 1970இல் தமிழரசுக் கட்சியின் சார்பில், திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்த் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மூதூர் அப்போது இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். அந்தத் தேர்தலில் முதலாவது உறுப்பினராக வந்தவர் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஏ. எல். அப்துல் மஜீத், இரண்டாவது உறுப்பினர் தங்கத்துரை. அக்காலத்தில் என் தகப்பனார் மூதூர்ப் பகுதியில் ஆசிரியராக இருந்தார். முதல் வாக்கு யாருக்கு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வாக்கு யாருக்கு என்பதுதான் திண்ணையில் நாட்கணக்கில் பேசப்பட்டது. அயல் கிராமத்து முஸ்லிம் பெரியவர்களும் அதே பேச்சுக்காக வந்து உட்காருவார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் வேட்பாளரை மற்றவர் எடைபோட்டுப் பார்க்கவேண்டிய அந்த ஏற்பாடு 1977இல் மூதூர் ஒற்றை அங்கத்தவர் தொகுதியானதும் போய்விட்டது. அதைப் பெரிய இழப்பு என்றே நான் எண்ணுகிறேன்.

1977இல் தங்கத்துரை தோற்றார். ஐக்கிய தேசியக் கட்சியின் எம். ஈ. எச். மஹ்ரூப் வென்றார். பிறகு 1994 தேர்தலில் மாவட்ட விகிதாசார முறையின் கீழ் இருவருமே திருகோணமலை உறுப்பினர்களாகச் சபைக்குச் சென்றார்கள். அது எவ்வளவு கடினமான காலம் என்பதைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். 1996 பெப்ரவரி 11 அன்று, கிளிவெட்டிக்கு அருகிலுள்ள குமாரபுரத்தில் 20க்கும் மேற்பட்ட பொதுமக்கள் படையினரால் கொல்லப்பட்டார்கள். தன் சொந்த ஊருக்குப் பக்கத்தில் நடந்த படுகொலைக்குப் பின்னரும் அந்த மக்களின் பிரதிநிதியாகத் தங்கத்துரை கொழும்புக்கும் திருகோணமலைக்கும் போய்வரவேண்டியிருந்தது. அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு படையினரும் 2016இல் விடுவிக்கப்பட்டதைக் காண அவர் உயிரோடு இல்லை.

1997 ஜூலை 5 அன்று மாலை, திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி நிகழ்வொன்றில் கலந்துகொண்டு திரும்பும்போது அவர் கொல்லப்பட்டார். கல்லூரி அதிபர் உள்ளிட்ட வேறு சிலரும் உயிரிழந்தார்கள். என் அண்ணன் மகள் அன்று கல்லூரியில் இருந்தாள். ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றதும், மூச்சு வாங்க ஒன்றும் சொல்லமுடியாமல் தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. மற்றச் சப்பாத்தைத் தேடி எடுக்க யாரும் போகவில்லை. சரியாகப் பதினைந்து நாட்களில், ஜூலை 20 அன்று, மஹ்ரூப் அவர்களும் இறக்கக்கண்டியில் கொல்லப்பட்டார். இரண்டு கொலைகளுக்கும் விடுதலைப் புலிகளே பொறுப்பு என்று அப்போதே பரவலாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. முன்னாள் பிரதி அமைச்சரான அப்துல் மஜீத் அவர்களோ அதற்கு ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1987 நவம்பரில், சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஆக, 1970ஆம், 1977ஆம் ஆண்டுத் தேர்தல்களில் மூதூர்த் தொகுதி தெரிவுசெய்து அனுப்பிய மூவரில் ஒருவர்கூட இயற்கையாகச் சாகவில்லை.

பழைய முறையில் இப்படி ஓர் ஆசனம் வெறுமையானால் இடைத்தேர்தல் வரும். இறந்தவரைப் பற்றி மேடைகளில் பேசியே ஆகவேண்டும். விகிதாசார முறையில் அதே கட்சிப் பட்டியலில் அடுத்தபடியாக அதிக விருப்பு வாக்குப் பெற்றவர் சத்தியப்பிரமாணம் செய்துகொள்கிறார், அவ்வளவுதான். சம்பந்தன் ஐயா 1997இல் அப்படித்தான் வந்தார். அவர் மறைந்தபின் சண்முகம் குகதாசன் அவர்களும் அப்படித்தான் வந்தார். இதில் சட்டத்தையோ வந்தவர்களையோ நான் குறை சொல்லவில்லை. வரலாறு எழுதுகிறவர்களும் அதே வேகத்தில் கடந்துவிடக் கூடாது என்பதே என் மன்றாட்டம்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்லவேண்டும். தங்கத்துரையைத் தமிழர்கள் தனியாக நினைவுகூர்கிறோம். மஜீத், மஹ்ரூப் ஆகியோரை முஸ்லிம்கள் தனியாக நினைவுகூர்கிறார்கள். மஜீத் அவர்களின் மகன் நஜீப் 2012இல் கிழக்கு மாகாண முதலமைச்சரானபோதும், மஹ்ரூப் அவர்களின் மகன் இம்ரான் 2015இல் பாராளுமன்றம் சென்றபோதும் தந்தையரின் பெயர்கள் பேசப்பட்டன. ஆனால் ஒரே தொகுதிக்காக நின்ற மூவரையும் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதிய கட்டுரையை நான் இதுவரை வாசித்ததில்லை. அதைத் தங்கள் பத்திரிகை செய்யவேண்டும். அவர்கள் சபையில் பேசியவை பாராளுமன்ற உரைப்பதிவான ஹன்சாட்டில் இருக்கின்றன. 1970இல் வாக்களித்தவர்களில் மூதூரிலும் கிண்ணியாவிலும் கிளிவெட்டியிலும் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எல்லோரும் எழுபது வயதைக் கடந்துவிட்டவர்கள். தாமதிக்க முடியாது.

என் தகப்பனார் பொலித்தீன் உறையில் சுற்றி வைத்திருந்த 1970ஆம் ஆண்டுத் தேர்தல் துண்டுப்பிரசுரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தங்கள் நிருபர் யாரேனும் திருகோணமலைக்கு வந்தால் அதைக் காட்டவும், எனக்குத் தெரிந்த பெரியவர்களிடம் அழைத்துச் செல்லவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.